ஒரே புள்ளி, இரண்டு நோய்: அவிசாவளை வயல் ஒன்றில் எரிபந்தம்

பின்னணி

இந்த நிகழ்வு 2022/23 பெரும்போகத்தில், கொழும்பு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அவிசாவளைக்கு அருகே ஒரு ஏக்கர் வயலில் நடந்தது. எரிபந்தம் என்பது ஒரு பங்கசால் (பூஞ்சையால்) நெற்பயிருக்கு வரும் நோய். அதை வேறொரு நோயென்று நான் எண்ணிவிட்ட கதை இது. வயலைச் செய்தவர்கள் ஒரு தோட்டத் தொழிலாளர் தம்பதி. இருவரும் இறப்பர் பால் வெட்டுபவர்கள், லயத்தில் குடியிருப்பவர்கள். வயல் அவர்களுடையதல்ல. நுகேகொடைப் பக்கம் குடிபெயர்ந்துவிட்ட ஒரு சிங்களக் குடும்பத்துக்குச் சொந்தமான அது, விளைச்சலில் பாதிக்குப் பாதி என்ற ‘அந்தே’ முறையில் 2021இல் இவர்கள் கைக்கு வந்தது. இவர்களுடைய மகன் புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் வசிக்கும் நான், தண்ணீர்க் குழாய்க்கு மூட்டு வாங்கப் போன இடத்தில் அவரைத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வயலைப் பற்றிய கேள்விகள் அவருடைய கைபேசி வழியாக எனக்கு வரத் தொடங்கின.

இறப்பர் வெட்டுபவர்கள் நெல்லை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கோதுமை மா. லயத்து வீடுகளில் காலைக்கும் இரவுக்கும் ரொட்டிதான். 2022இல் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது ரொட்டி அரிசிச் சோற்றைவிடச் செலவான உணவாயிற்று. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருவது விலையேறினால் நமக்குச் செய்ய ஒன்றுமில்லை. நெல்லாவது கைக்கெட்டும் தூரத்தில் விளையும் என்று அந்த அம்மா கணக்குப் போட்டார். கணக்குப் போடுவதில் அந்த வீட்டில் அவர்தான் ஆள்.

இன்னொரு பின்னணியும் உண்டு. 2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகியது. விலகினாலும் யூரியா உடனே வந்துவிடவில்லை. வந்தபோது வாங்கப் பணமில்லை. இவர்களுடைய முதல் பெரும்போகம் அந்த இடைவெளியில்தான் கழிந்தது. பயிர் மஞ்சளித்தது, இலையெங்கும் கபிலப் புள்ளிகள், ஏக்கருக்கு 29 புசல் (ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ நெல்). பசித்த பயிரில் புள்ளி வரும் என்பதை அந்த ஆண்டு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டுத் தவறு அந்தப் பாடத்திலிருந்துதான் பிறந்தது.

வயலின் கிடை

இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஈரநிலத்தைத் தெனியா என்பார்கள். இந்த வயலும் அப்படிப்பட்டது. வரம்புகளால் ஏழு துண்டுகளாகப் பிரிந்திருந்தது. கிழக்குப் பக்கம் முதிர்ந்த இறப்பர் மரங்கள் வரம்புக்கு மேலே கிளை பரப்பி நின்றன. அந்த ஓரத்து மூன்று துண்டுகளில் காலை ஒன்பதரை, பத்து மணிவரை வெயில் விழாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டாரம் அது. மழை பெய்யாத நாளிலும் பனி இலையில் நெடுநேரம் தங்கும். இதை நான் டிசம்பர் 16ஆம் திகதிதான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

விதைப்பு முதல் படம் வரை

2022 ஒக்டோபர் 29ஆம் திகதி முளைகட்டிய நெல்லை வீசி விதைத்தார்கள். மூன்றரை மாத நெல். உரிமையாளர் வீட்டில் மூன்று போகமாக எடுத்து வைத்திருந்த விதை. எந்த இனம் என்று அவருக்கே நிச்சயமில்லை. நவம்பர் 13ஆம் திகதி 25 கிலோ யூரியா இட்டார்கள். பொட்டாசு இடவில்லை. கடையில் கொஞ்சம் இருந்தது. அந்த விலைக்கு அதை வாங்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை.

விதைத்த 24ஆம் நாள் இலைகளில் சிறு புள்ளிகள் தெரிந்தன. கணவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஆண்டு கண்ட புள்ளிதானே என்று இருந்துவிட்டார். நவம்பர் 26ஆம் திகதி மகன் லயத்துக்குப் போனபோது படமெடுத்து எனக்கு அனுப்பினார். கைபேசி அசைந்ததால் படம் கலங்கியிருந்தது. புள்ளிகள் சிறியவை, கபில நிறம், வடிவம் தெளிவில்லை. போன ஆண்டுக் கதை எனக்கும் தெரிந்திருந்ததால், கபிலப் புள்ளி நோய் என்று தீர்மானித்தேன். “பொட்டாசு கிடைத்தால் இடுங்கள். இரண்டாவது யூரியாவை நாள் தவறாமல் போடுங்கள்” என்று பதில் அனுப்பினேன்.

இந்த நிகழ்வில் என் பங்கு அந்த இரண்டு வரிகள். கபிலப் புள்ளி பசித்த பயிரின் நோய். நிலத்தில் சத்து குறைந்தால், குறிப்பாகப் பொட்டாசு குறைந்தால், அது பெருகும். எரிபந்தம் அதற்கு நேர்மாறானது. யூரியா தரும் தழைச்சத்து மிகுந்து மெத்தென்று வளர்ந்த இலைதான் அந்தப் பங்கசுக்கு வாய்ப்பு. முதல் வாரத்தில் இரண்டு நோயின் புள்ளியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குத் தீனி. இதை முப்பது ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நவம்பர் 28இல் இரண்டாவது 25 கிலோ. புள்ளி குறையவில்லை, கூடியது. அயல் வயல்காரர் தம்மிடம் மிஞ்சியிருந்த அரை மூட்டையைக் கடனாகக் கொடுத்தார். டிசம்பர் 5இல் அதுவும் வயலுக்குள் போயிற்று. விதைத்து 37 நாட்களுக்குள் ஒரு ஏக்கரில் 75 கிலோ. ஓராண்டு யூரியாவைக் காணாமல் இருந்தவர்களின் கை, அது கிடைத்ததும் அள்ளித்தான் போடும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

குளிர் காற்று

டிசம்பர் 8, 9ஆம் திகதிகளைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்தபோது வானம் சாம்பல் நிறமாயிற்று. காற்றின் தரம் கெட்டதால் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் விறைத்து இறந்தன. அவிசாவளையில் காற்றோடு குளிர் வந்தது. அதற்குப் பிறகு தெளிந்த இரவுகளும் கனத்த பனியும். ஒரு வாரத்துக்குள் கிழக்குத் துண்டுகள் தீப்பட்டதுபோல் கருகின. எரிபந்தம் என்ற பெயரின் பொருள் அப்போதுதான் புரிந்ததாகக் கணவர் பின்னால் சொன்னார்.

டிசம்பர் 11ஆம் திகதி அவர் ஒரு மருந்துக் கடைக்குப் போய், “இலை எரிகிறது” என்றார். கொடுத்தது மஞ்சள் தூள், மாங்கோசெப். இலையின் மேற்பரப்பில் படிந்து, புதிதாக விழும் வித்தி (பங்கசு பரவ உதிர்க்கும் நுண்துகள்) முளைக்காமல் காக்கும் மருந்து அது. இலைக்குள் புகுந்துவிட்ட பங்கசை ஒன்றும் செய்யாது. அன்று பின்னேரம் அடித்தார். இரவு மழை பெய்து கழுவிக்கொண்டு போயிற்று.

பொலித்தீன் பையில் வந்த இலை

டிசம்பர் 14ஆம் திகதி இரவு மகன் வெள்ளவத்தைக்கு வந்தார். கையில் பொலித்தீன் பை, உள்ளே இருபது இலைகள். “ஐயா, படம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். இலையையே கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்” என்றார்.

மேசை விளக்கில் பிடித்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரு முனையும் கூர்ந்து நடுவில் அகன்ற, நூற்கதிர் போன்ற வடிவம். நடுவில் சாம்பல் நிறம், விளிம்பில் கருங்கபிலம். கபிலப் புள்ளி எள்ளு விதைபோல நீள்வட்டமாக இருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் வளையம் பெரும்பாலும் தெரியும், இலை முழுவதும் ஒரே சீராகச் சிதறியிருக்கும். இங்கே சில இலைகள் சுத்தமாக இருந்தன. சிலவற்றில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையையே தின்றிருந்தன.

இருந்தாலும் ஒருமுறை கெட்டுப்போன தீர்ப்பை இரண்டாம் முறையும் அவசரமாகச் சொல்ல மனமில்லை. சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் நனைத்த கடதாசியை விரித்து, ஆறு இலைகளை வைத்து மூடினேன். காலையில் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் பார்த்தபோது புள்ளிகளின் நடுவே சாம்பல் நிற மெல்லிய பூம்படலம் எழுந்திருந்தது. வித்திகள். ஒரு முதிர்ந்த புள்ளி ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் இப்படி உதிர்க்கும். பல நாட்களுக்கு அப்படியே தொடரும். சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

வயலில் கண்டவை

டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை, 122ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கினேன். பயிருக்கு 48 நாள். கதிர் உள்ளே உருவாகத் தொடங்கும் பருவம்.

வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நிழல் விழும் மூன்று துண்டுகளில் பத்து இடங்களிலும் திறந்த நான்கு துண்டுகளில் பத்து இடங்களிலும் இடத்துக்குப் பத்துச் செடி பார்த்தேன். நிழல் பகுதியில் நூற்றுக்கு 41 செடிகளில் முதிர்ந்த புள்ளிகள் இருந்தன. திறந்த பகுதியில் 12. யூரியா மூட்டையை இறக்கி வைத்துக் கைநிறைய அள்ளி வீசத் தொடங்கிய மூலையில் பயிர் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல் வளர்ந்து, பாதி கருகி நின்றது. நிழலில் இருந்த அந்த மூலையே போதும், முழுக் கதையையும் சொல்லிவிடும்.

நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. நண்டு வளையால் கீழ்வரம்பு உடைந்து, மூன்று துண்டிலும் தண்ணீர் வடிந்து மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. நோய் வந்தால் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது கிராமத்தில் பரவலான நம்பிக்கை. வேறு சில நோய்களுக்கு அது சரி. எரிபந்தத்துக்கோ தண்ணீர் நிற்க வேண்டும். மண் காய்ந்தால் பயிர் சிலிக்கா என்ற மண் சத்தை எடுத்துக்கொள்வது குறையும், இலைத்தோல் மெலியும், நோய் எளிதில் புகும். கணவர் உடைப்பைக் கண்டிருந்தார். நல்லதுதான் என்று விட்டுவைத்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரம்பை அன்றே அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டினார்கள். வீட்டில் நான்காவது தவணைக்காக ஒரு அரை மூட்டை யூரியா காத்திருந்தது. அதைத் தொடவேண்டாம் என்றேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. கதிர் உருவாகும் நேரத்தில் பசளை நிறுத்தினால் மணி சிறுக்கும் என்று வாதிட்டார். பொதுவாகச் சொன்னால் அவர் சொன்னது சரி. இந்த வயலில் ஏற்கெனவே இருந்தது போதும் என்பதுதான் என் பதில். அந்த அம்மா மூட்டையைப் பூட்டி வைத்தார், வாதம் முடிந்தது.

மருந்தைத் தேர்ந்தபோது இரண்டு காலங்களைப் பிரித்துப் பார்த்தோம். இப்போது இலைக்குள் பங்கசு இருக்கிறது. இன்னும் மூன்றரை வாரத்தில் கதிர் வெளிவரும். இலை நோயால் விளைச்சல் குறையும். கதிரின் கழுத்தில் வந்தால் மணி பால் பிடிக்கும் முன்னரே கதிர் வெளிறி முறியும். அதற்குப் பிறகு செய்ய எதுவுமில்லை. ஆகவே இலையில் இருப்பதை அடக்க, உள்ளே ஊடுருவிச் செயல்படும் தெபுகொனசோல். கழுத்தைக் காக்க, கதிர் வருமுன் திரைசைக்கிளசோல். ஒரே குழு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும் என்பதும் மாற்றி அடிப்பதற்கு ஒரு காரணம்.

திரைசைக்கிளசோல் ஏன் முன்கூட்டியே வேண்டும் என்பதைக் கணவருக்கு விளக்கியவிதம் அவர் மனதில் நின்றது. இந்தப் பங்கசு இலையில் விழுந்ததும் ஒரு குமிழை உண்டாக்கி இலையோடு ஒட்டிக்கொள்ளும். குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் படலம். அந்தப் படலம் இருப்பதால்தான் உள்ளே ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தம் சேர்கிறது. காருடைய டயருக்குள் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தால் ஒரு முள்ளை இறக்கி இலைத்தோலைத் துளைக்கிறது. இந்த மருந்து மெலனினை உருவாகவிடாது. காற்றுப் போன டயர்போல் குமிழ் துளைக்க மாட்டாமல் கிடக்கும். துளைத்துவிட்ட பங்கசுக்கு இந்த மருந்தால் பெரிய பயனில்லை. “அப்படியென்றால் இது கதவில் போடும் பூட்டு. கள்ளன் உள்ளே வந்த பிறகு பூட்டி என்ன?” என்றார் அவர். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

மத்தியானம் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொடுத்தார்கள். சாப்பிட்டபடியே கணவர், “ஐயா, இந்த மாவுப் பயிருக்கும் இப்படி வருமா?” என்று கேட்டார். வரும். இதே பங்கசின் வேறொரு வகை 1985இல் பிரேசிலில் கோதுமையில் கண்டறியப்பட்டது. 2016இல் பங்களாதேஷில் ஏறக்குறைய 15,000 ஹெக்டேயர் கோதுமையைத் தாக்கியது. கோதுமையில் அது பெரும்பாலும் நேரே கதிரைத்தான் பிடிக்கும். கதிர் வெளிறியதைக் கண்ட பிறகு பங்கசுநாசினி அடிப்பதில் அங்கும் பயனில்லை. எங்கோ கப்பலேறி வரும் மாவுக்கும் தன் வயலுக்கும் ஒரே எதிரி என்பதைக் கேட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் தெளிப்பு

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. பனி காயும்வரை காத்திருந்து பத்து மணிக்குத் தொடங்கினார்கள். 16 லீற்றர் தெளிகருவியில் ஒன்பது தாங்கி.

அளவில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கணவர் இதுவரை எந்த மருந்தையும் போத்தல் மூடியால்தான் அளந்து வந்திருக்கிறார். போத்தலுக்குப் போத்தல் மூடி மாறும். சிட்டையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது; தமிழ் எழுத்து எறும்பு வரிசை போலச் சிறியது. அந்த அம்மா சாதாரண தரம்வரை படித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிள்ளைகளுக்கு இருமல் பாணி கொடுத்த அளவுக் கிண்ணம் ஒன்றை எடுத்து, இனி இது சமையலறைக்குத் திரும்பாது என்று சொல்லி, அதில் சிவப்புக் கோடு போட்டார். அன்றிலிருந்து அளப்பதும் கலப்பதும் அவர் வேலை, தெளிப்பது கணவர் வேலை. முகத்துக்குத் துணி, நீளக் கை, காற்று முதுகுப் பக்கம். தாங்கியைக் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாமல் வயலுக்குள்ளேயே அடித்து முடித்தார்கள். ஓடையின் கீழ்ப்புறத்தில்தான் லயத்து ஆட்கள் குளிப்பார்கள்.

மூன்று மணிக்கு மழை வந்தது. தெளித்து முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது, போதும். டிசம்பர் 28இல் மகன் அனுப்பிய படங்கள் தெளிவாக இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பழைய புள்ளிகள் அப்படியே காய்ந்திருந்தன. புதிதாக விரிந்த மேல் இலைகள் சுத்தம்.

மழையில்லாத காலை யாருக்குச் சொந்தம்?

அடுத்த தெளிப்பு பூட்டைப் பருவத்தின் முடிவில், கதிர் எட்டிப் பார்க்கும் முன் நடக்க வேண்டும். ஜனவரி 9 என்று குறித்தோம். திங்கட்கிழமை. வானம் தெளிவு.

வானம் தெளிந்திருந்ததுதான் சிக்கல். மரம் நனைந்திருந்தால் இறப்பர் வெட்ட முடியாது. அன்று வெட்டுக் கூலியும் இல்லை. மழையில்லாத காலை கிடைத்தால் அப்போது அது 1,000 ரூபாய், இருவருக்கும் சேர்த்து 2,000. மருந்து அடிப்பதற்கும் அதே மழையில்லாத காலைதான் வேண்டும் என்று நான் தொலைபேசியில் பிடிவாதம் பிடித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஐயா, தை மாதம் பிறக்கப் போகிறது. இப்போது பின்னேர மழை இல்லை. நாங்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டரைக்கு வயலுக்கு வருகிறோம். மருந்து காய்வதற்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?” இரண்டு என்றேன். “அப்படியென்றால் பனி விழ முன் காய்ந்துவிடும்” என்றார்.

அவர் சொன்னது சரி. “காலையில் அடியுங்கள்” என்பது நான் மழைக் காலத்துக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த விதி. ஜனவரிக்கு அது பொருந்தாது. பின்னேரமே அடித்தார்கள். ஆலோசனை சொல்பவர்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆலோசனை வயலுக்கு வந்து சேராது என்பதை இத்தனை காலம் கழித்து எனக்கு ஒருவர் கற்றுத்தர வேண்டியிருந்தது.

மூன்றாவது தெளிப்பும் ஒரு மறுப்பும்

ஜனவரி 12இல் முதல் கதிர்கள் வந்தன. பொங்கலன்று, 15ஆம் திகதி, பாதிக்கு மேல் கதிர் வெளிவந்திருந்தது. முதல் கதிரை வீட்டு வாசலில் கட்டியிருந்த படம் வந்தது. முழுக் கதிரும் வந்ததும் இன்னொரு முறை திரைசைக்கிளசோல் அடிப்பது என் திட்டம்.

இங்கே உரிமையாளர் நின்றுகொண்டார். முதல் இரண்டு தெளிப்பின் செலவில் பாதியைத் தந்தவர், மூன்றாவதற்குத் தரமாட்டேன் என்றார். பயிர் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். வரப்போகும் நோயை யாருக்கும் காட்ட முடியாது. அதனால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. கையிலிருந்த பணம் மூன்று துண்டுக்கு மட்டுமே போதுமாக இருந்தது. எங்கே அடிப்பது என்று கேட்டார்கள். நிழல் விழும் கிழக்குத் துண்டுகளில் மட்டும் என்றேன். திறந்த துண்டுகளில் இலை எட்டு மணிக்கே காய்ந்துவிடும். அங்கே கழுத்து நோய்க்கு வேண்டிய ஈர நேரம் கிடைப்பது கடினம். ஜனவரி 19இல் அப்படியே செய்தார்கள்.

அந்த நாளில் தற்செயலாக ஒன்று நடந்தது. கிழக்கு மூலையில், அந்த யூரியா மூட்டை மூலைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு பேர்ச் நிலம் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) மருந்து படாமல் விடுபட்டது. தாங்கி தீர்ந்துவிட்டது, மருந்தும் இல்லை. ஜனவரி 9ஆம் திகதியும் அதே மூலைதான் கடைசியில் விடுபட்டதாகப் பின்னர் தெரிந்தது. அதாவது, கதிர்ப் பருவத்தில் ஒரு துளி மருந்தும் காணாத ஒரு பேர்ச்.

அறுவடை

பெப்ரவரி 14ஆம் திகதி அறுத்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னர் நான் போய்க் கதிர்களை எண்ணினேன். திறந்த துண்டுகளில், கதிர்ப் பருவத்தில் ஒரே தெளிப்போடு, நூறு கதிருக்கு 3 கழுத்து நோயால் வெளிறியிருந்தன. நிழல் துண்டுகளில், இரண்டு தெளிப்போடு, 11. விடுபட்ட அந்தப் பேர்ச்சில் 38. அது யூரியா அதிகம் விழுந்த இடமும்கூட. ஆகவே 38ஐ முழுவதும் மருந்தின்மையின் கணக்கில் எழுத முடியாது. நிழல், பசளை, மருந்தின்மை மூன்றும் அங்கே ஒன்றாகக் கூடியிருந்தன.

தூற்றியபின் 51 புசல். போன பெரும்போகத்தின் 29உடன் ஒப்பிட்டால் மகிழ்ச்சி. நல்ல ஆண்டில் 70 வரை கண்டதாக உரிமையாளர் சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டால் இல்லை. பதர் வழக்கத்தைவிட அதிகம். மூன்று தெளிப்புக்கும் மருந்துச் செலவு 11,400 ரூபாய்; வீணாகப் போன மஞ்சள் தூள் அதில் சேரவில்லை. பங்கு நெல் 25 புசலையும் அவர்கள் விற்கவில்லை. அவித்துக் குற்றி, ஆவணி மாதம்வரை சாப்பிட்டார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் என்னுடையது. படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே படத்தைத் திறப்பேன்: கடைசியாக யூரியா எப்போது, எவ்வளவு? இலை எத்தனை மணிக்குக் காய்கிறது? நவம்பர் 26இல் இவற்றைக் கேட்டிருந்தால் குறைந்தது டிசம்பர் 5ஆம் திகதி மூட்டையைத் தடுத்திருக்கலாம். ஈரப் பெட்டிச் சோதனைக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் ஓர் இரவும்தான் வேண்டும், லயத்திலேயே செய்யலாம். கைவில்லை இல்லாவிட்டாலும் அந்தச் சாம்பல் படலம் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும்.

மூன்று போகம் பழகிய விதையை இனிப் பயன்படுத்துவதில்லை. பங்கசு விதையோடும் வைக்கோலோடும் அடுத்த போகத்துக்குக் கடந்துவரும். நோயுற்ற வைக்கோலை வரம்பில் குவித்து வைத்திருந்தார்கள். அதை அப்புறப்படுத்தச் சொன்னேன். உமியைக் கரியாக்கி வயலில் இடுவது சிலிக்காவுக்கு நல்லது. ஆலை வாசலில் உமி சும்மா கிடக்கிறது, எடுத்துவர வண்டிதான் இல்லை.

இறப்பர் கிளைகளை வெட்ட அனுமதி கேட்டார்கள். தோட்ட நிர்வாகம் மறுத்துவிட்டது. பால் தரும் மரத்தின் கிளையை நெல்லுக்காக எந்தத் தோட்டம் வெட்டும்?

அடுத்த போகம்

2023 சிறுபோகத்தில் கிழக்கு ஓரத்து மூன்று துண்டுகளில் நெல் விதைக்கவில்லை. கொஹிலவும் கங்குங் கீரையும் நட்டார்கள். ஈரம் இரண்டுக்கும் பிடிக்கும், கொஹிலவுக்கு நிழலும் பிடிக்கும். அவிசாவளைச் சந்தையில் கட்டுக் கணக்கில் விலை போகும். உரிமையாளர் முதலில் தயங்கினார், பிறகு அதிலும் பாதி கேட்டார். நான்கு துண்டில் நெல், கமநல சேவை நிலையத்தின் மூலம் வாங்கிய விதை, யூரியா மூன்று சிறு தவணையாக, ஒவ்வொரு தவணையும் அந்த அம்மாவின் கொப்பியில் திகதியோடு. அந்தப் போகத்தில் பங்கசுநாசினி தேவைப்படவில்லை.

கணவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நோய் வந்தது யூரியாவால் அல்ல, மார்கழிக் குளிர் காற்றால்தான் என்கிறார். திறந்த துண்டுக்கும் அதே காற்றுத்தானே வீசியது என்று கேட்டால், “அங்கே வெயில் இருந்தது ஐயா” என்கிறார். வெயிலைப் பற்றி அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. பூட்டி வைத்த அந்த அரை மூட்டையை அந்த அம்மா அடுத்த பெரும்போகத்தில்தான் திறந்தார்.